காலிக் கட்டம்

அந்தக் கணக்கைக் கந்தப்பன் பல வருஷமாகவே நம்பவில்லை. நம்பாமலேயே கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பிக்கொண்டிருந்தார்.

மாற்றுத்திறனாளி உதவித்தொகை வாங்குவோர் எத்தனை பேர், வயது வாரியாக, ஆண் பெண் தனித்தனியாக. தாலுகா ஆபீசில் அந்தப் பட்டியல் அவர் பொறுப்பு. கல்யாண வயதுப் பெண்கள் என்று பார்த்தால் எல்லா ஊரிலுமே ஆள் குறைவுதான். அங்காளம்மாள் ஊரில் மட்டும் ஆளே இல்லை. பையன்கள் பதினோரு பேர் இருந்தார்கள். பெண்கள் கட்டம் காலி.

அங்காளம்மாள் அந்த ஊர் மகளிர் குழுவில் இருப்பவள். வீடு வீடாகப் போய் ரேகை வாங்கிக்கொண்டு உதவித்தொகையைக் கையில் கொடுப்பது அவள்தான். ஊர்க் கணக்கும் அவள் சொல்வதுதான்.

"ஏன் அம்மணி, உங்க ஊர்ல பொட்டப் புள்ளைங்களுக்குப் பன்னெண்டு வயசுல எல்லாம் குணமாயிருது. முப்பது தாண்டுனா மறுபடியும் வந்துருது. அப்பிடி என்ன தண்ணி குடிக்கறீங்க?"

"போர்த் தண்ணிதானுங்ண்ணா. ஆயிரம் அடி."

"பையனுகளுக்கு மட்டும் அந்தத் தண்ணி வேலை செய்யறதில்லையாக்கும்?"

"எங்க ஊர்ல அப்பிடிப் புள்ளைங்க யாருமில்லீங்ண்ணா." சிரித்துக்கொண்டே சொல்வாள். அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

அவளுக்குச் சோம்பேறித்தனமா, யாராவது தடுக்கிறார்களா, தான்தான் ஒழுங்காகக் கேட்கவில்லையா? அரித்துக்கொண்டே இருந்தது. இந்த வருஷம் விண்ணப்பத்தைப் பையில் வைத்துக்கொண்டு அவரே ஊருக்குப் போய்விட்டார். அங்காளம்மாள் வேண்டா வெறுப்பாகக் கூட வந்தாள்.

மூன்றாவது வீட்டிலேயே அகப்பட்டது. ராமாயியின் மகள் பிரவீனா. இருபத்து மூன்று வயது. இடது கால் பிறவியிலேயே சூம்பியிருந்தது. திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் லாரி ஆபீஸ் ஒன்றில் வேலை. ரெண்டு பஸ் மாறிப் போகிறாள்.

"இந்தப் புள்ளை இருக்கறது உனக்குத் தெரியாதா அம்மணி?"

அங்காளம்மாள் ராமாயியைப் பார்த்தாள்.

கந்தப்பன் பிரவீனா பக்கம் திரும்பினார். "பட்டியல்ல பேர் ஏறுனா மாசாமாசம் பணம் வரும் சாமி. கூடக் குடுக்கற அடையாள அட்டையை வெச்சு மூணு சக்கர ஸ்கூட்டருக்கும் எழுதிப் போடலாம்."

"ஸ்கூட்டரா? நெசமாவா சார்? போன வாரம் நான் படி ஏறறதுக்குள்ள பஸ்ஸை எடுத்துட்டாங்க. பாருங்க." முழங்கையைக் காட்டினாள். தோல் வழன்றிருந்தது.

"கண்ணாலம் ஆவட்டும்னு பாத்தனுங்க..." என்று ராமாயி இழுத்தாள்.

"மறைச்சா மறையுமாங்க? புள்ளைக்கு வர வேண்டியதைப் பெத்தவங்களே தடுக்கலாமா?" கந்தப்பனுக்குக் குரல் ஏறிவிட்டது. "தினமும் பஸ் படியில உழுந்து எந்திரிக்கறது நீங்களா, அவளா?"

ராமாயி மகளின் முழங்கையைப் பார்த்தாள். "சரிங்க." மகள் பக்கம் திரும்பினாள். "எழுது சாமி."

பிரவீனா மளமளவென்று எழுதினாள். கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி.

கந்தப்பனின் போன் அடித்தது. மச்சான் ஈஸ்வர். அவன் குரல் எப்போதும் வீடு முழுக்கக் கேட்கும்.

"மாமா, நம்ம பையனுக்கு மல்லசமுத்திரம் பக்கம் ஒரு பொண்ணு பாத்திருக்குது. நல்ல இடம். நடக்கறதுல லேசா ஒரு இழுப்பு இருக்கறாப்பல தெரியுது. உங்க பட்டியல்ல பேர் இருக்குதான்னு பாத்துச் சொல்லுங்க."

"பேரும் அப்பன் பேரும் அனுப்பு மாப்ள. ஆபீஸ் போயிப் பாத்துச் சொல்றேன்."

சொல்லிவிட்டு நிமிர்ந்தார். விண்ணப்பம் ராமாயி கையில் இருந்தது. நாலாக மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, என்னாச்சு?"

"வேண்டாமுங்க. பஸ்ஸே போதும்." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "வெய்யல்ல வந்திருக்கீங்க. இருங்க, மோர் கொண்டாரேன்."

பிரவீனா பேனாவை மூடினாள்.

மோரைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். தெருமுனை வரை கந்தப்பன் நடந்தார். பிறகு நின்றார்.

"சொல்லு அம்மணி."

"வேண்டாமுங்ண்ணா."

"சொல்லு."

"பத்து வருசம் இருக்குமுங்க. இந்த ஊர்ல ஒரு புள்ளைக்குக் காது கொஞ்சம் மந்தம். நிச்சயம் வரைக்கும் வந்த சம்பந்தம் நின்னுபோச்சு. ஏன்னு கேட்டதுக்கு, 'ஆபீஸ்ல பட்டியல் பாத்தோம்'னு மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க சொன்னாங்களாம்."

"ஆபீஸ்லன்னா?"

"நீங்கதானுங்ண்ணா. உங்க ஊட்டுக்காரம்மா வழியில அவுங்க சொந்தமாமுங்க."

கந்தப்பன் யோசித்துப் பார்த்தார். ஒரு வருஷத்துக்கு எத்தனை பேர் கேட்கிறார்கள்! கல்யாண விஷயம், கூடமாட உதவி என்றுதான் பார்த்துச் சொன்னார். எந்தப் பெண் என்று ஞாபகமே இல்லை.

"அடுத்த வாரமே பொட்டப் புள்ளை பெத்தவங்க ஒவ்வொருத்தரா எங்கிட்ட வந்து, எம் புள்ளை பேரை எடுத்துருன்னாங்க. நான்தான் எடுத்து உட்டேன்."

"இதை ஏன் அம்மணி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?"

"வருசா வருசம் எங்க ஊர்ப் புள்ளைங்களுக்காக எங்கிட்டச் சண்டை போடறது நீங்க ஒருத்தருதானுங்ண்ணா. உங்களாலதான்னு எப்பிடிச் சொல்றது? அதான் யாருமில்லைன்னே சொல்லிட்டேன்."

போன் மறுபடி அடித்தது. ஈஸ்வர்தான். கந்தப்பன் எடுக்கவில்லை. ராமாயி வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இனிமே எவன் கேட்டாலும் சொல்ல மாட்டேன்னு இப்பப் போயிச் சொன்னா, அந்தம்மா என்னைய நம்புமா அம்மணி?"