மிளகாய்ச் செடியின் வயிற்றெரிச்சல்

சமையலறை ஜன்னலுக்கு வெளியே, தொட்டியில் ஒரு மிளகாய்ச் செடி இருந்தது. வீட்டுக்காரி வேணி ஒருநாள் காளான் வளர்க்க வைக்கோல் அடைத்த பை ஒன்றை வாங்கிவந்து, உள்ளே இருட்டு மூலையில் தொங்கவிட்டாள். அன்றே செடிக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது.

"எனக்கு அரிசி கழுவின தண்ணி. உனக்கு மட்டும் பன்னீர் மாதிரி தெளிக்கிறா. போட்டோ வேற எடுக்கிறா!"

"உங்களுக்கு வெயில் கிடைக்குதே அக்கா," என்றது பை. "அது எப்படி இருக்கும்?"

"சுடும்," என்றது செடி வெடுக்கென்று.

காளான் கொத்துக் கொத்தாக வந்தது. வேணி பறித்துப் பறித்துச் சமைத்தாள். பிறகு ஒன்றும் முளைக்கவில்லை. அவள் பையைக் கிழித்து, வைக்கோலையெல்லாம் மிளகாய்ச் செடியின் அடியில் பரப்பிவிட்டாள்.

அதைத் தின்று செடி தளதளவென்று தழைத்தது. கிளைக்குக் கிளை வெள்ளைப் பூ.

"வெயில் சுகமாத்தான் இருக்கு அக்கா," என்றது அடியில் மட்கிக்கொண்டிருந்த வைக்கோல்.

செடியின் காதில் அது விழவேயில்லை. ஜன்னல் வழியே உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மூலையில் இன்னொரு பை தொங்கியது.

"பார்த்தியா அநியாயத்தை," என்றது வைக்கோலிடம். "நேத்து வந்ததுக்குப் புது பாட்டில்ல தெளிக்கிறா!"