மாட்டாத சைலன்சர்

“சைலன்சர மாட்டுங்கண்ணே, இல்லாட்டி இஞ்சின தூக்கிப் போடுங்க. ரெண்டுல ஒண்ணு. இன்னைக்கே முடிவு தெரியணும்.”

கதவு முழுதாகத் திறப்பதற்குள் வீரம்மா சொல்லி முடித்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் பிளாட் கமிட்டித் தலைவன் விஜயன், இழுத்து வரப்பட்டவன் முகத்தோடு நின்றான்.

கமலநாதனோ கல்யாண வீட்டுக்காரர் மாதிரி மலர்ந்தார். “வாங்க, வாங்க. உட்காருங்க. கோப்பி கலக்கட்டுமா?”

கிள்ளானில் இருக்கும் அந்தப் பிளாட்டில் வீரம்மாவுக்குத் தெரியாமல் ஒரு பூனைகூடக் குட்டி போட்டதில்லை. அவளையே போன தீபாவளியிலிருந்து குழப்பிவிட்டவர் கமலநாதன். முதலில் அவர் வீட்டிலிருந்து கருகிய விளக்கெண்ணெய் வாடை வந்தது. பெண்டாட்டி போய், மகளும் பெர்த்தில் குடியேறிய பிறகு தனியாக இருக்கிற மனுஷன் வீட்டில் யாருக்குப் பிள்ளை பிறந்தது என்று வீரம்மா மாடி மாடியாக விசாரித்தாள். அடுத்து ஸ்பிரிட் நெடி. சரி, சம்சு சாராயம் காய்ச்சுகிறார் என்று முடிவுகட்டி, கோயில் வரைக்கும் சொல்லியும் ஆயிற்று.

கடைசியில் பார்த்தால், பால்கனியில் ஒரு பலகைமேல் திருகாணியால் முடுக்கி வைத்த, எலுமிச்சம்பழம் அளவு இஞ்சின். பொம்மை விமானத்துக்குப் போடுவது. ஸ்பிரிட்டும் விளக்கெண்ணெயும் அது குடிக்கிற தீனி. தினமும் சாயங்காலம் அதைக் கிளப்புவார். தகர டின்னுக்குள் குளவிக் கூட்டம் மாட்டிக்கொண்ட மாதிரி அது அலறும். டேங்க் காலியானதும் அடங்கும்.

“அங்கிள், பிளேன் எங்க?” என்றான் விஜயன்.

“பிளேன் இல்ல தம்பி.”

“வாங்கப் போறீங்களா?”

“இல்லையே.”

“மாடே இல்லாம மணிய மட்டும் வாங்கி ஆட்டுறாரு லா,” என்றாள் வீரம்மா.

கமலநாதன் கோபப்படவில்லை. பலகையோடு எடுத்து வந்த இஞ்சினைத் துணியால் துடைத்துக்கொண்டே, “இங்க பாரு தம்பி. கட்டைவிரல் தண்டி சிலிண்டர், அதுக்குள்ள பிஸ்டன். ரெண்டு சொட்டு எண்ணெய விட்டு, காத்தாடிய விரலால தட்டணும். தட்டத் தட்ட சும்மா இருக்கும். திடீர்னு அதுக்குக் கோவம் வந்துரும்,” என்று பிளாஸ்டர் ஒட்டிய விரலைக் காட்டினார்.

விஜயன் தலைவன் என்பதை மறந்து குனிந்து பார்த்தான். வீரம்மா தொண்டையைச் செருமினாள்.

“இப்பல்லாம் பேட்டரி மோட்டார் இருக்கே அங்கிள்,” என்று நிமிர்ந்தான். “ஜெஞ்சாரோம் திடல்ல பிளேன் விடுறவங்க பாதிப் பேரு அதுதான். பட்டன அமுக்கினா ஓடும். சத்தமும் கம்மி.”

“காட்டினாங்க. வேணாம்னுட்டேன்.”

“சைலன்சராவது மாட்டலாமே?”

கமலநாதன் மேசை இழுப்பறையைத் திறந்தார். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத ஒரு குட்டி சைலன்சரை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“வச்சிக்கிட்டே மாட்டல. பாத்துக்க விஜயா,” என்றாள் வீரம்மா.

“சத்தம் எதுவரைக்கும் கேக்குது வீரம்மா?”

“கீழ சாப்பாட்டுக் கடை வரைக்கும். மேல் மாடில சீதாலெட்சுமி கதவச் சாத்திட்டுத்தான் விளக்கேத்துறா.”

“அவ்வளவு தூரமா? நேத்து கொஞ்சம் லேட்டாத்தான் கிளப்பினேன்.”

“தெரியாதா? இன்னும் காணோமேன்னு நான்தானே மணியப் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

கமலநாதன், தான் கலக்கி வைத்த அவள் கோப்பியில் இன்னொரு கரண்டி சீனி போட்டார்.

அந்த உபசாரம் வீரம்மாவுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. “கீழ் வீட்டுத் தம்புசாமியும் தனியாத்தானே இருந்தாரு? நாள் பூரா டிவி ஓடும், அதுவும் மெல்லிசா. போன தீபாவளிக்குப் போய்ச் சேர்ந்தாரு. அதுவரைக்கும் அந்த மனுஷன் மேல ஒரு கம்ப்ளேன் உண்டா?”

“இல்ல,” என்றார் கமலநாதன். “ஒண்ணுகூட இல்ல.”

விஜயனுக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. “நீங்களும் டிவியோ ரேடியோவோ வச்சிக்கலாமே அங்கிள். வீட்டுல ஒரு சத்தம் இருந்த மாதிரியும் இருக்கும். மாட்டேன்னா, நாளைக்கே கமிட்டி வந்து இஞ்சின எடுத்துரும். எனக்கு வேற வழி இல்ல.”

கமலநாதன் மூன்று நாற்காலியிலும் ஆள் உட்கார்ந்திருப்பதை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“தம்புசாமி செத்த பிறகும் அந்த டிவி நாள் கணக்கா ஓடிச்சு தம்பி. சீரியல் பாக்குறாருன்னு நினைச்சு, நாம எல்லாரும் அந்த வாசலத் தாண்டித்தான் போனோம், வந்தோம்.”

வீரம்மா கோப்பியைக் கீழே வைத்தாள்.

“டிவிக்கு நான் வேணாம். பேட்டரிக்கும் நான் வேணாம். இத நான் எந்திரிச்சு வந்து தட்டினாத்தான் கத்தும். கத்தாத அன்னைக்கும் இதே மாதிரி வந்து கதவத் தட்டுங்க. அது போதும்.”

வீரம்மா எழுந்து, மேசைமேல் கிடந்த சைலன்சரை எடுத்துத் தன் கைலி இடுப்பில் செருகிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

“இது என்கிட்டயே இருக்கட்டும். நாளைக்கு லேட்டாக்காதீங்கண்ணே.”