சட்டப்படி ஒரு தட்டு

"முதலாளி, அந்தாளு தட்டைச் சாப்பிட்டுட்டாரு."

சப்ளையர் மூச்சிரைக்க வந்து சொன்னதும் கல்லாவில் இருந்த முதலாளி நிமிர்ந்தார்.

"எந்தத் தட்டை?"

"சட்டத் தட்டை."

பாரில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்னே? அது தின்பதற்கு வைத்த தட்டா?

வெறும் வயிற்றில் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய் ரகளை செய்கிறார்கள் என்று அரசாங்கம் பார் லைசென்ஸில் ஒரு விதியைச் சேர்த்திருந்தது. சாப்பாடு வைக்காமல் யாருக்கும் கிளாஸ் வைக்கக் கூடாது. அதற்குத் தனியாகக் காசு வாங்கவும் கூடாது.

எல்லா பார்களும் செய்ததைத்தான் இந்த முதலாளியும் செய்தார். இரண்டு துண்டு ரொட்டி, ஒரு அவித்த முட்டை. அதே தட்டு மேஜை மேஜையாகச் சுற்றிவிட்டு ராத்திரி அலமாரிக்குப் போகும். காலையில் மறுபடி வேலைக்கு வரும். ஏட்டுச் சுரைக்காயைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் அங்கே போய்ப் பார்த்திருக்கலாம்.

அதைத்தான் அந்த ஆள் சாப்பிட்டிருந்தார். அன்றுதான் முதல் தடவையாக வந்தவர். மூலை மேஜை, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. இருப்பதிலேயே மலிவான பீர் ஒன்று வாங்கியிருந்தார். பீர் அப்படியே இருந்தது. முட்டையைத்தான் காணோம்.

முதலாளி எச்சில் கையால் காக்கை விரட்டாத ஆள். இப்போது ஒரு சண்டை வரும் என்று சப்ளையர் ஆசையோடு காத்திருந்தார்.

முதலாளி மூலை மேஜையைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாக, எதிரில் பூட்டிக் கிடந்த கம்பெனியைப் பார்த்தார்.

"சாப்பாடுன்னா சாப்பிடத்தானேய்யா செய்வாங்க? நாளையிலேருந்து சூடாப் போடச் சொல்லு மாஸ்டர்கிட்ட. எல்லா மேஜைக்கும்."

"எல்லா மேஜைக்குமா?"

"திடீர்னு இன்ஸ்பெக்டர் வந்து நின்னா? சட்டம்னா சட்டம்."

மறுநாளிலிருந்து வறுத்த ரொட்டி, முட்டை, காய்கறி சூப். குடிக்க வந்தவர்கள் வாசனை பொறுக்காமல் சாப்பிட ஆரம்பித்தார்கள். வயிறு நிறைந்ததும் மூன்றாவது ரவுண்டு சொல்ல மறந்து போனார்கள். நேராக நடந்து வீடு போய்ச் சேர்ந்த ஒருவரிடம் அவர் மனைவி, "உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டதாகக் கேள்வி.

மூலை மேஜைக்காரரும் தினமும் மதியம் வந்தார். சப்ளையர் அவருக்கு 'இஸ்திரி சார்' என்று பெயர் வைத்துவிட்டார். பீர் வாங்குவார், தொட மாட்டார். தட்டை வழித்துச் சாப்பிடுவார். கைக்குட்டையால் மேஜையைத் துடைத்துவிட்டுப் போவார். டிப்ஸ் மட்டும் கிடையாது.

"சட்டையில இருக்கிற பகட்டைப் பாருங்க மாஸ்டர். சாப்பாடு ஓசி," என்று சப்ளையர் பொருமினார்.

சில மாதம் கழித்து ஒரு மதியம், லைசென்ஸ் இன்ஸ்பெக்டர் வந்தார். சப்ளையருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது.

"சார், ஒரு சந்தேகம்," என்றார் சத்தமாக. "பீரைத் தொடாம வெச்சுட்டு, தினமும் சாப்பாட்டை மட்டும் ஒருத்தர் சாப்பிட்டுட்டுப் போனா, அது சட்டப்படி சரிங்களா?"

மோவாய் மூலை மேஜையைக் காட்டியது.

இஸ்திரி சாரின் ஸ்பூன் பாதியில் நின்றது. காது சிவந்துவிட்டது. மெதுவாகக் கைக்குட்டையை மடித்து எழுந்தார். இன்று போனால் இவர் இனி இந்த வாசலை மிதிக்க மாட்டார் என்று முதலாளிக்குத் தெரிந்துவிட்டது. பாவம், கல்லாவை விட்டு எழவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் தவித்தார்.

இன்ஸ்பெக்டர் நிறைந்திருந்த கிளாஸையும், நூல் பிரிந்த காலரையும், முதலாளியின் தவிப்பையும் கவனித்தார்.

"குடிக்கணும்னு சட்டத்துல எங்கேயும் இல்லையேய்யா," என்றார், மூலைக்கும் கேட்கும்படி. "சாப்பாடு போடணும்னுதான் இருக்கு. தட்டு பாதியில திரும்பினா நான் உங்க முதலாளியைத்தான் பிடிப்பேன். சார், இவரு லைசென்ஸ் உங்க கையிலதான் இருக்கு. தயவுசெஞ்சு முழுசா சாப்பிட்டுடுங்க."

இஸ்திரி சார் தயங்கினார். பிறகு உட்கார்ந்தார். முதலாளிக்காக, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் சூப்பைக் குடித்து முடித்தார்.

வாசல்வரை வழியனுப்பப் போன சப்ளையரின் தோளில் இன்ஸ்பெக்டர் கை போட்டார்.

"அந்தச் சட்டத்தை ரத்து பண்ணி ரொம்ப நாளாச்சுய்யா. உத்தரவை நானே கொண்டு வந்து உங்க முதலாளி கையில கொடுத்தேன்."

சப்ளையர் கல்லாவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"அப்புறம் எதுக்கு முதலாளி எல்லாருக்கும் போடுறீங்க?"

"அவருக்கு மட்டும் போட்டா அதுக்குப் பேரு பிச்சைய்யா. எல்லாருக்கும் போட்டாத்தான் சட்டம்." முதலாளி குரலைத் தாழ்த்தினார். "எதிர்க் கம்பெனியில கணக்கு எழுதினவரு. கம்பெனியைப் பூட்டுனதை வீட்ல இன்னும் சொல்லியிருக்க மாட்டாரு. இல்லேன்னா தினமும் எதுக்கு இஸ்திரி போட்டுக்கிட்டு வர்றாரு?"

"உங்களுக்கு நஷ்டம் இல்லையா?"

"இல்லாம? அதனாலதான் உன் டீயில சர்க்கரையைக் குறைச்சிருக்கேன். போய் மேஜையைத் துடை."

மறுநாள் மதியம் மூலை மேஜைக்குத் தட்டு வந்தது. இஸ்திரி சார் தட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்னப்பா இது, ரெண்டு முட்டை இருக்கு?"

சப்ளையர் முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு சொன்னார்.

"சட்டத்தைத் திருத்திட்டாங்க சார்."