முதலுதவிப் பெட்டியில் சாவிக்கொத்து

“ஏளா பிளாரன்சு, இது என்னது?”

முதலுதவிப் பெட்டிக்குள்ளிருந்து ஓர் இரும்புச் சாவிக்கொத்தைத் தூக்கிப் பிடித்தான் சத்தியராஜ். கோயில் வாசலில் பையும் தூக்குவாளியுமாகக் கிளம்பி நின்ற வாலிபர் சங்கம் மொத்தமும் சிரித்தது.

சாத்தான்குளத்திலிருந்து தேரிக்காட்டுச் செம்மணலில் நடந்து, நடுவில் ஒரு ராத்திரி தங்கி, மணப்பாட்டுக் கடலுக்குப் போவதாக ஏற்பாடு. முதலுதவிப் பெட்டி பிளாரன்சின் பொறுப்பு. பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தவள், தானே கேட்டு வாங்கிய பொறுப்பு.

டிஞ்சர், பஞ்சு, கட்டுத்துணி, தீக்காயக் களிம்பு, காய்ச்சல் மாத்திரை, முள் எடுக்க ஊசி என்று எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. அடியில் போய் இந்தச் சாவிக்கொத்து.

“தேரிக்குள்ள எவன் வீட்டப் பூட்டப் போறா இவ? பீரோ பின்னால வண்டியில வருதோ?” என்றான் பொன்னுதுரை.

பிளாரன்சுக்கு எரிச்சல் வந்தது. “எல்லாத்துக்கும் ஒரு இளிப்பு. வழியில ஒருத்தருக்கு வலிப்பு வந்தா கையில இரும்பு குடுக்க வேண்டாமா? அப்ப எங்கன போய்த் தேடுவ?”

சிரிப்பு நின்றது.

சத்தியராஜ் ஆரம்பப்பள்ளி வாத்தியார், சங்கத்துக்குச் செயலாளர். நாசரேத் ஊரில் அவனுக்குப் பெண் பேசி முடித்திருந்தது. ஊரில் அவன் பேச்சுக்கு ஒரு மதிப்பு உண்டு.

“இரும்பு குடுத்தா வலிப்பு நிக்காது. ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, கழுத்துப் பொத்தானக் கழத்தி விடணும். அது தன்னால அடங்கும்” என்றான். பிறகு சுற்றிப் பார்த்தான். “சரி, யாருக்கு வலிப்பு?”

பிளாரன்ஸ் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இந்த வாயால் கெட்டது இன்றைக்கு மட்டுமல்ல.

“எனக்குதாண்ணே” என்றாள் ஜீவமணி, கூட்டத்தின் பின்னாலிருந்து.

ஜீவமணியைக் கிணற்றடிக்கு விடமாட்டார்கள். அடுப்படிக்கு விடமாட்டார்கள். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அவள் கடலைப் பார்த்ததில்லை. ‘நான் பொறுப்பு’ என்று அவள் அம்மாவோடு மல்லுக்கு நின்று பிளாரன்ஸ்தான் கூட்டி வந்திருந்தாள். இன்றைக்குத் திரும்பிப் போனால், அப்புறம் அந்த அம்மா அவளை வாசல் தாண்ட விடமாட்டாள்.

சத்தியராஜ் ஜீவமணியின் முகத்தைப் பார்க்கவில்லை. “நீ வீட்டுக்குப் போ” என்றான்.

“ஏண்ணே?” என்றாள் பிளாரன்ஸ்.

“தேரியில நெழலு கெடையாது. ஆஸ்பத்திரி கெடையாது. விழுந்து கெடந்தா எவன் பதில் சொல்லுதது?”

“விழாதவங்களும் முள்ளு குத்தாதவங்களும் மட்டும்தான் வரணும்னா இந்தப் பெட்டி எதுக்கு? இங்கனயே வச்சுட்டுப் போவோமா?”

“வாய்க்கு வாய் பேசாத. சொன்னாச் சொன்னதுதான்.”

“விடு பிளாரன்சு” என்றாள் ஜீவமணி. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். வேகமாகக்கூட நடக்கவில்லை. யாராவது கூப்பிடுவார்கள் என்று நினைத்தாளோ என்னமோ. ஒருத்தரும் கூப்பிடவில்லை.

“நல்லவேளை, இங்கனயே தெரிஞ்சுது” என்று முணுமுணுத்தான் பொன்னுதுரை. பிளாரன்சுக்கு அவன் செவிட்டில் ஒன்று விடலாம் போல இருந்தது.

அப்போதுதான் சத்தியராஜின் அம்மா ஞானதீபம் மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். மகனிடம் போகவில்லை. மதில் ஓரமாக நின்று பிளாரன்சைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

“பெட்டி உங்கிட்டதான தாயி இருக்கும்?” சேலை முந்தி முடிச்சை அவிழ்த்து ஒரு காகிதப் பொட்டலத்தை அவள் கையில் திணித்தாள். “மாத்திரை. ராத்திரி சாப்பிட்டதும் ஒண்ணு. மறந்துராத. தவறுனா இழுத்துரும்.”

“வலிப்புக்கா பெரியம்மா?”

“மெதுவாப் பேசு. யாருக்கும் தெரியக் கூடாது. நான் சொல்லுததக் கேளு, இது...”

பிளாரன்ஸ் கேட்கவில்லை. எதையும் முழுசாகக் கேட்கிற பொறுமை அவளுக்கு என்றைக்குமே இருந்ததில்லை. பொட்டலத்தைத் தூக்கிப் பிடித்தபடி நேரே சத்தியராஜ் முன்னால் போய் நின்றாள்.

“பாருங்க! ஜீவமணிக்குன்னு உங்க அம்மா வலிப்பு மாத்திரை கொண்டாந்திருக்காவ. அவங்களுக்கு இருக்க எரக்கத்துல ஒரு துளி உங்களுக்கு இருக்கா? வாத்தியாராம் வாத்தியார்!”

எல்லோரும் பொட்டலத்தையே பார்த்தார்கள். மதில் ஓரத்தில் ஞானதீபம் முந்தியை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டாள்.

“பெரியம்மாவுக்கு நல்ல மனசு. ஆனா அவதான் போயிட்டாளே” என்றான் பொன்னுதுரை. “மாத்திரையத் திருப்பிக் குடுத்துட்டு வாளா. வெயில் ஏறுது. அண்ணே, கெளம்புவோமா?”

சத்தியராஜ் திரும்பிப் பார்த்தான். தெருக்கோடியில் ஜீவமணி இன்னும் தெரிந்தாள். அவன் அம்மாவைப் பார்த்தான். வேண்டாம் என்பதுபோல அவள் தலையை ஆட்டினாள்.

அவன் பிளாரன்சின் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

“ஓடிப் போய் ஜீவமணியக் கூட்டிட்டு வா” என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி. “இது அவளுக்கு வந்த மாத்திரை இல்ல. எனக்கு வந்தது.”