குதிக்கத் தெரியாதவன்

லிதுவேனியாவிலிருந்து வந்திருந்த யோனாஸ் மெதுவாகத்தான் ஓடுவான், அவனுக்குக் குதிக்கவே வராது என்று கூடைப்பந்து அணி முழுக்கச் சொல்லி வைத்திருந்தான் ஜெரால்டு. வளையத்தடியில் யோனாஸ் ஆடும் அந்த இடம் போன மாதம்வரை ஜெரால்டுடையது. இப்போது பயிற்சியில் யோனாஸைத் தடுக்கிற வேலைதான் மிச்சம். ஜெரால்டு எம்பியபோதெல்லாம் யோனாஸ் பந்தோடு சும்மா நின்றான். இவன் தரைக்கு இறங்குகிற நேரத்தில் நிதானமாக வளையத்துக்குள் போட்டான். பெஞ்சில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். தனக்கு அப்படி யாரும் தட்டியதாக ஜெரால்டுக்கு நினைவில்லை.

“மெதுவான ஆள்னு சொன்னியேப்பா. ஒரு தடவையாவது மறிச்சியா?” என்றார் கோச்.

“இந்த வாட்டி பாருங்க சார்.”

இனியும் எம்பி ஏமாறக் கூடாதென்று ஜெரால்டு பாதங்களைத் தரையில் அழுத்தி நின்றான். யோனாஸ் அந்தக் கால்களை ஒருமுறை பார்த்தான். பிறகு குதித்தான்.