சுடுதண்ணித் தொட்டியின் காவல்காரன்

வாங்கிய வீட்டோடு பின்வளவில், இறங்கி ஊறிக் குளிக்க, மின்சாரத்தில் சூடாகும் ஒரு சுடுதண்ணித் தொட்டியும் வந்தது. மூன்று பனிக்காலமாக அதற்குள் யாரும் இறங்கவில்லை. உறைபனியில் உடுப்பைக் கழற்ற எங்கள் வீட்டில் ஆளில்லை. ஆனாலும் நான் தினமும் மூடியில் விழுந்த பனியைத் தள்ளினேன், வடிகட்டியைக் கழுவினேன், தண்ணீரை ஆறவிடாமல் பார்த்தேன். உறைந்தால் குழாய்கள் வெடித்துவிடும். முதல் வருஷம் கிருமிக்கு நல்லதென்று மஞ்சள் தூள் போட்டு வடிகட்டியைக் கெடுத்தவனும் நான்தான்.

நேற்றுப் பனிமழையில் தெருவுக்கே மின்சாரம் போய்விட்டது. வீட்டிலிருந்த கம்பளிகளை எல்லாம் அள்ளிப்போய்த் தொட்டியைப் போர்த்திக் கயிற்றால் கட்டினேன்.

"என்னை எப்பவாவது இப்பிடிப் போத்தியிருக்கிறியளே?" என்றாள் மனைவி லோஜினி, இரண்டு கோட்டுகளுக்குள் நடுங்கிக்கொண்டு.

இன்று காலையும் மின்சாரம் வரவில்லை. மூடியை ஒரு பக்கம் தூக்கி வெப்பமானியை விட்டேன். முப்பத்துநாலு! அந்தத் தெருவிலேயே சூடாக இருந்த ஒரே பொருள் என்னுடையது.

"லோஜினி, இஞ்ச ஓடி வாரும்!"

வந்தாள். சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி, விளிம்பில் குந்தி, கால்களை உள்ளே விட்டுக் கண்ணை மூடினாள்.

"நல்ல சூடு."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் சான்றிதழ். பிறகு பக்கத்தில் தட்டிக் காட்டினாள்.

"காவல் காத்தது காணும். வாங்கோவன்."

விரல்கள் விறைத்து என் சப்பாத்து முடிச்சு அவிழவில்லை. சப்பாத்தோடு அப்படியே இறங்கிவிடலாம்தான். ஆனால் வடிகட்டி என்னாவது?