பாதிப் புகை

நிலக்கரி மின்நிலையத்துப் புகையில் இருமி இருமி அலுத்துப்போன வடிவு என்ற காக்கையை, எதிரே இருந்த கேஸ் மின்நிலையத்துப் புகைபோக்கி கூப்பிட்டது. "இந்தப் பக்கம் வந்து கூடு கட்டு தாயி. அந்த நிலக்கரிக்காரன் கக்குறதுல பாதிதான் நான் விடுறேன். ஊரையே சூடாக்குறவன் அவன்தான்."

பளபளவென்று வெள்ளையடித்திருந்த அதன் பேச்சை நம்பி, வடிவு பக்கத்து வேம்பில் முட்டையிட்டாள். சூடு மட்டும் குறைந்தபாடில்லை. மரத்தடியில் ஓடிய கேஸ் குழாயோ இணைப்பில் உஸ்ஸென்று சீறிக்கொண்டே இருந்தது.

"அது என்ன சத்தம்?" என்றாள்.

"அது குழாய் சமாச்சாரம். நீ என் வாயிலேருந்து வர்றதை மட்டும் பாரு."

நிலக்கரிப் புகைபோக்கிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எரியாம கசியுற கேஸு, என் புகையைவிடப் பல மடங்கு சூட்டைப் பிடிச்சு வைக்கும். இப்பச் சொல்லு, யாரு யோக்கியன்?" சிரித்த சிரிப்பில் ஒரு கூடை சாம்பல் அவள் தலையில் கொட்டியது.

வடிவு சாம்பலை உதறிவிட்டு முட்டையைத் தொட்டுப் பார்த்தாள். "அடப்பாவிகளா, முட்டை வெந்துகிட்டிருக்கு!"

வெள்ளைப் புகைபோக்கி கொஞ்சமும் அசரவில்லை. "ஆஃப் பாயில்தானே ஆகியிருக்கு தாயி? அவன் பக்கம் இருந்திருந்தா முழுசா அவிஞ்சிருக்கும்."